நாய்க்கு முடி திருத்துவது இழிவா?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

"எதிர்காலத்தில் நீங்கள் என்னவாக விரும்புகிறீர்கள்?" என்று சென்ற ஆண்டு வகுப்பில் சிஸ்டர் கேட்டார். ஒவ்வொருவராக எழுந்து மருத்துவர், பொறியாளர், மாவட்ட ஆட்சியர் என்று சொல்லிக்கொண்டு வந்தோம். என் முறை வந்தது. "நாய்களைக் குளிப்பாட்டி முடி திருத்தும் தொழிலைக் கற்றுக்கொண்டு, பிறகு அதையே பிறருக்குக் கற்பிக்க ஆசை, சிஸ்டர்" என்றேன். வகுப்பே கொல்லென்று சிரித்தது. சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "ஏன் என்று யோசித்து எழுதிக்கொண்டு வா" என்றார். அன்று என்னால் எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

என் ஆசைக்குக் காரணம் ஒரு பெருமையன்று; ஒரு குற்றம். எங்கள் வீட்டு ஜிம்மி வெள்ளை நிறம், புசுபுசுவென்று முடி. எட்டாம் வகுப்புக் கோடை விடுமுறையில் அதன் காதின் பின்புறம் முடி சிக்குப் பிடித்துச் சடையாகிவிட்டது. அம்மாவின் தையல் கத்தரிக்கோலை எடுத்துச் சடையை வெட்டினேன். நாயின் தோல் தளர்வானது; சடையோடு சேர்ந்து மேலே எழும்பி நிற்கும். அது எனக்குத் தெரியாது. முடியோடு தோலையும் வெட்டிவிட்டேன். ஜிம்மி ஒரே ஒரு முறை வீரிட்டது. பிறகு என் மடியிலேயே வந்து படுத்துக்கொண்டது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் மறைத்தேன். மூன்றாம் நாள் காயத்தில் ஈ மொய்த்தது. அப்பா ஜிம்மியைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். மருத்துவர் புழுக்களை எடுத்துச் சுத்தம் செய்து ஊசி போட்டார். "வேலியில் கிழித்துக்கொண்டதா?" என்று கேட்டார். "ஆமாம்" என்று சொன்னவள் நான்தான். பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லி மன்னிப்புப் பெற்றேன். ஆனால் ஜிம்மியிடம் எப்படிச் சொல்வது? என்மீது குற்றம் சாட்ட அதற்கு வாய் இல்லை. அதனால்தான் என் பொய் நிலைத்தது.

அந்த விடுமுறையின் இறுதியில் கோவையிலுள்ள அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தைக்கு இதுவே தொழில். கடைப்பலகைகளில் 'டாக் குரூமிங்' என்று எழுதுகிறார்களே, அதுதான். வீட்டின் முன்னறையில் ஒரு மேசை, ஒரு தண்ணீர்த் தொட்டி, முடி வெட்டும் மெஷின், சீப்புகள், கம்பிப் பல் பிரஷ்கள். கற்றுக்கொள்ள இரண்டு பெண்களும் வந்துகொண்டிருந்தார்கள். அங்கே பத்து நாள் வேடிக்கை பார்த்தபோதுதான் அது எத்துணை நுட்பமான வேலை என்று உணர்ந்தேன்.

குளிப்பாட்டுவதற்கு முன்பே சிக்கெடுக்க வேண்டும். நனைந்தால் சடை மேலும் இறுகும். மனிதருக்குரிய ஷாம்பு நாய்க்கு ஒத்துக்கொள்ளாது. நம் தோலில் அமிலத் தன்மை அதிகம், நாயின் தோலில் குறைவு. நகத்தின் உள்ளே இரத்தக் குழாய் ஓடுகிறது. வெள்ளை நகத்தில் அது இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுப்பு நகத்தில் தெரியாது. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெட்ட வேண்டும். ஜிம்மியைப் போன்ற நாய்களுக்கு மேல்முடி, அடிமுடி என இரண்டு அடுக்கு உண்டு. கோடையில் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று சிலர் அதை மொட்டையடித்துவிடுகிறார்கள். உண்மையில் அந்த முடியே வெயிலுக்குக் குடை. அடிமுடியைச் சீவிக் கழித்தால் போதும். ஷீட்சூ, பக் போன்ற தட்டை மூக்கு நாய்களைச் சூடான காற்றில் உலர்த்தினால் மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்தாகலாம். முடியை விலக்கிப் பார்க்கும் கைகளே உண்ணியையும் கட்டியையும் சொறியையும் முதலில் கண்டுபிடிக்கின்றன. அப்படி எதையாவது கண்டால் அத்தை தாமே மருந்து போடமாட்டார், மருத்துவரிடம் அனுப்பிவிடுவார்.

ஆனால் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது அத்தை கற்பித்த முறைதான். முதல் மாதம் அந்தப் பெண்கள் கையில் அவர் கத்தரிக்கோலே கொடுக்கவில்லை. "முதல்ல நாயைப் படிங்க. அப்புறம் முடியைப் பார்க்கலாம்" என்பார். நாய் உதட்டை நக்குகிறதா, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுகிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா, வாலை ஒடுக்குகிறதா, உடம்பு விறைக்கிறதா? இவையெல்லாம் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று அது சொல்லும் சொற்கள். அவற்றை வாசிக்கத் தெரியாதவர்தாம் கடைசியில் கடிபடுகிறார்.

ஒருநாள் அப்பெண்களில் ஒருத்தி நகத்தை ஆழமாக வெட்டிவிட்டாள். இரத்தம் வந்தது. அத்தை திட்டவில்லை, இரத்தத்தை நிறுத்தும் பொடியை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னார். மாலையில் நாயின் சொந்தக்காரர் வந்தபோது, "நீயே போய்ச் சொல்லும்மா" என்றார். அவள் நடுங்கிக்கொண்டே சொன்னாள். அவர் முகம் சுளித்தார். பணத்தில் கொஞ்சம் குறைத்துக்கொடுத்துவிட்டுப் போனார். அன்றிரவு அத்தை சொன்னது இது: "நாய் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லாது. அதனாலே நாமதான் சொல்லணும்." கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கேயே அத்தையிடம் ஜிம்மியின் கதையைச் சொல்லி அழுதேன். ஊர் திரும்பியதும் அப்பாவிடமும் சொன்னேன்.

என் கருத்து இதுதான். எவருக்காக உழைக்கிறோமோ அவரால் புகார் சொல்ல முடியாது என்றால், அந்த வேலைக்குத்தான் பயிற்சியும் மனச்சாட்சியும் அதிகம் வேண்டும். அத்தகைய வேலையை இழிவென்று ஒதுக்கினால், தெரியாத கைகளே அதைச் செய்யும். அடிபடுவது வாயில்லாப் பிராணி.

இது புதுத் தொழிலும் அன்று. பாரிஸ் நகரில் சேன் ஆற்றங்கரையிலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாய்க்கு முடி வெட்டுவோர் தெருவோரம் அமர்ந்து பிழைப்பு நடத்தினார்கள். அமெரிக்காவில் 1969-ஆம் ஆண்டிலேயே இத்தொழிலுக்குத் தேசிய சங்கம் உண்டாயிற்று. இங்கிலாந்தில் 'சிட்டி அண்ட் கில்ட்ஸ்' நிறுவனம் இதற்கெனத் தேர்வு நடத்திச் சான்றிதழ் தருகிறது. ஆனால் அங்கும்கூடச் சான்றிதழ் இல்லாதவர் கடை திறப்பதற்குத் தடையில்லை. ஆகவே ஒழுங்காகக் கற்பதும் கற்பிப்பதும் அவரவர் மனச்சாட்சியின் பொறுப்பாகவே நிற்கிறது.

"ஏண்டி, நாய்க்கு முடி வெட்டவா உன்னைக் கான்வென்ட்டுல சேர்த்தோம்?" என்று என் பாட்டி கேட்கிறார். பாட்டியின் கோபம் நாயின் மேல் அன்று. முடி வெட்டும் தொழிலின் மேல். மனிதருக்கு முடி திருத்துவோரையே ஊருக்குக் கீழாக நடத்திய பழைய நோய் அது. அதற்கு நான் ஒரு புனிதரைக் காட்டுகிறேன். 1579-ஆம் ஆண்டு பெரு நாட்டின் லீமா நகரில் பிறந்த புனித மார்ட்டின் தெ போரஸ், சிறு வயதில் முடி திருத்துபவரிடம் தொழில் பழகியவர். அக்காலத்தில் முடி திருத்துவோரே காயங்களுக்குக் கட்டும் போடுவார்கள். கறுப்பினத் தாயின் மகன் என்று பலர் அவரை ஏளனம் செய்தார்கள். அவரோ சாமிநாதர் சபையில் சகோதரராகச் சேர்ந்து நோயாளிகளைப் பேணினார். நாய்களுக்கும் பூனைகளுக்கும் தம் சகோதரியின் வீட்டில் இடம் தேடிக்கொடுத்தார். 1962-ஆம் ஆண்டு பாப்பரசர் இருபத்து மூன்றாம் அருளப்பர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். முடி திருத்துவோருக்கு அவரே பாதுகாவலர். கத்தரிக்கோல் பிடித்த கையைத் திருச்சபை பீடத்தில் ஏற்றியிருக்க, நாம் எப்படி அதை இழிவென்போம்?

மற்றொரு கேள்வி கடினமானது. "மனிதருக்கே சோறில்லாதபோது நாய்க்கு ஒப்பனையா?" என்று என் தோழி கேட்டாள். அவள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நாய்க்குச் சாயம் பூசுவதும், நகப்பூச்சு இடுவதும், நாற்றம் மறைக்க வாசனைத் திரவியம் தெளிப்பதும் நம் ஆடம்பரமே. அவற்றை நானும் வெறுக்கிறேன். ஆனால் சிக்கெடுப்பது ஆடம்பரம் அன்று. சடை இறுகினால் ஒவ்வொரு அடிக்கும் தோல் இழுபட்டு வலிக்கும். உள்ளே ஈரம் தங்கிப் புண்ணாகும். நீண்ட முடியுள்ள நாயை ஆசைக்கு வாங்கிவிட்டு, அதன் வலியைத் தீர்ப்பது ஆடம்பரம் என்பது எந்த ஊர் நியாயம்? நம் மண்ணின் இராசபாளையம், சிப்பிப்பாறை நாய்களுக்குக் குட்டை முடி. அவற்றுக்கு இத்தனை பாடு தேவையில்லை. பேண முடியாதவர் முதலிலேயே அதை எண்ணிப் பார்க்கட்டும். மேலும் அத்தையும் அவரிடம் கற்கும் இரு பெண்களும் இந்த உழைப்பால்தானே தங்கள் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறார்கள்?

அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை. "முதலில் பன்னிரண்டாம் வகுப்பை முடி, பிறகு பார்க்கலாம்" என்கிறார். முடிப்பேன். அவர் மறுக்கவில்லை என்பதே எனக்குப் பெரிது.

அன்புத் தோழியரே! நீங்கள் மருத்துவராகுங்கள், பொறியாளராகுங்கள், ஆட்சியராகுங்கள். ஒருநாள் உங்கள் வீட்டு நாயை என்னிடம் அழைத்து வாருங்கள். அதன் காதின் பின்புறத்தை நான் மிகவும் பொறுமையாகச் சீவுவேன். என் கையாலோ என் மாணவியின் கையாலோ தவறு நேர்ந்தால், நீங்கள் கேட்பதற்கு முன்பே வந்து சொல்வேன்.