அப்பா கேட்ட கேள்வி

1864-ல் தொடங்கிய பினாங்கு குதிரைப் பந்தயக் கழகம் 2025-ல் கடைசிப் பந்தயத்தை நடத்தி முடித்தது. எனக்கு வருத்தமில்லை. அப்பாவின் தோட்டச் சம்பளம் எத்தனையோ மாதம் குதிரையில் கரைந்திருக்கிறது!

ஆனாலும் சிங்கப்பூரின் ராக்கெட் மேனை மறக்க முடியவில்லை. கிரிஸ்ஃபிளையர் ஓட்டத்தில் 2009, 2010 இரண்டு வருடமும் இரண்டாமிடம். 2011-ல் துபாய் கோல்டன் ஷாஹீனில் வென்று திரும்பியவன், கிரிஸ்ஃபிளையரையும் வென்றான். காயடித்த குதிரை, வாரிசு கிடையாது. அவன் ஓடிய கிராஞ்சித் திடலிலும் 2024 அக்டோபர் 5-உடன் பந்தயம் நின்றுபோனது.

துபாய்ச் செய்தியை அன்று அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். குதிரையை விட்டுப் பல வருடமாகியிருந்தது அவருக்கு. கண்ணை மூடிக் கேட்டவர், “அதைக் குளிப்பாட்டுற குதிரைக்காரன் பேரைப் போட்டிருக்கானாப்பா?” என்றார்.

இன்னொரு முறை தேடிப் பார்த்தேன். போடவில்லை.