700 கிராம் குறைக்க 15,000 ரூபாயா? சைக்கிள் டூர் கியர் வாங்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க



முதல்ல ஒண்ணைத் தெளிவாக்கிடுவோம். பைக்பேக்கிங்ல வர்ற பைக், நம்ம ஊர் பைக் இல்ல, சைக்கிள். ஹேண்டில்பார்ல ஒரு பை, ஃபிரேம்ல ஒரு பை, சீட்டுக்குப் பின்னாடி ஒரு பைன்னு கட்டிக்கிட்டு, ரெண்டு மூணு நாள் ஊர் ஊரா மிதிச்சுப் போறது. நல்ல பழக்கம். பெட்ரோல் செலவு கிடையாது, உடம்புக்கும் நல்லது, ஐடி வேலையில இருக்கிறவங்களுக்கு மனசுக்கு அதைவிட நல்லது.

பிரச்சினை எங்க ஆரம்பிக்குதுன்னா, கிளம்புறதுக்கு முன்னாடியே. "அல்ட்ராலைட்" கியர்னு ரெண்டு வெளிநாட்டு வீடியோ பார்த்தா போதும். டவுன் ஸ்லீப்பிங் பேக், காத்தடிக்கிற மேட், டைனமோ ஹப், சோலார் பேனல்னு கார்ட்ல 60,000 ரூபாய் வந்து நிக்கும். கீழயே "மாசம் 5,000 மட்டும்"னு ஒரு பட்டன். கைக்கு 40,000 சம்பளம் வாங்குறவருக்கு அது சம்பளத்துல எட்டுல ஒரு பங்கு. ஒரு வருஷத்துக்கு. இன்னும் ஒரு ராத்திரிகூட வெளியில படுக்கல.

என் கருத்தை முன்னாடியே சொல்லிடறேன்: நம்மள மாதிரி வருஷத்துக்கு நாலஞ்சு ராத்திரி போறவங்களுக்கு, தூங்குறதுக்கும் சார்ஜ் போடுறதுக்கும் வாங்குற விலை உயர்ந்த லைட்வெயிட் சாமான்ல முக்கால்வாசி தேவையே இல்லை. ஆசையா வாங்காதீங்கன்னு சொல்லல, கணக்குப் போட்டு வாங்குங்கன்னுதான் சொல்றேன்.

ஒரு கிலோவோட உண்மையான விலை

மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வழியா ஊட்டி. சுமார் 50 கிலோமீட்டர், ஏற்றம் மட்டும் ஏறக்குறைய 1,900 மீட்டர். இதை விடக் கடினமான ஏற்றம் நம்மள்ல பெரும்பாலானவங்க ஏறப்போறதில்ல. நீங்க 65 கிலோ, சைக்கிள் 13, சாமான் தண்ணி எல்லாம் 12. மொத்தம் 90 கிலோ. 6 மணி நேரத்துல ஏறுறீங்கன்னு வச்சுக்குவோம்.

மெதுவா ஏறும்போது நம்ம சக்தி கிட்டத்தட்ட முழுசும் எடையைத் தூக்கத்தான் போகுது. அதனால கணக்கு ரொம்ப எளிது. 90 கிலோவுல ஒரு கிலோ குறைச்சா, 360 நிமிஷத்துல 90-ல ஒரு பங்கு மிச்சம். அதாவது 4 நிமிஷம். சமவெளியில, ஈசிஆர் மாதிரி ரோட்டுல, அதுகூட தெரியாது. அங்க உங்களைத் தடுக்கிறது எதிர்க்காத்துதான், எடை இல்ல.

இப்போ கடைக்குப் போவோம். விலை கடைக்குக் கடை மாறும், கணக்குக்காக இப்படி எடுத்துக்குவோம். சாதா சிந்தெட்டிக் ஸ்லீப்பிங் பேக் 3,000 ரூபாய், எடை 1,500 கிராம். டவுன் பேக் 18,000 ரூபாய், எடை 800 கிராம். வித்தியாசம் 15,000 ரூபாய், 700 கிராம். ஒரு கிராமுக்கு 21 ரூபாய் குடுக்குறீங்க. அதுக்குக் கிடைக்கிறது ஊட்டி ஏற்றத்துல 3 நிமிஷத்துக்கும் கம்மி. ஒரு டீ ஆறுற நேரம்.

இன்னொரு கணக்கு. வருஷத்துக்கு 6 ராத்திரி, 3 வருஷத்துக்கு 18 ராத்திரி. 15,000-ஐ 18-ஆல வகுத்தா ராத்திரிக்கு 833 ரூபாய், அதுவும் கூடுதல் செலவு மட்டும். சின்ன ஊர்கள்ல அந்தக் காசுக்கு ஃபேனோட, பாத்ரூமோட ஒரு லாட்ஜ் ரூமே கிடைக்கும். அங்க படுத்தா 1,500 கிராம் பேக்கும் தேவையில்ல, 800 கிராம் பேக்கும் தேவையில்ல. அதைவிட அல்ட்ராலைட் எது, சொல்லுங்க?

நம்ம ஊர்ல எதிரி குளிர் இல்ல, கொசு

அந்த வீடியோக்கள் எல்லாம் ராத்திரி 5 டிகிரிக்குப் போற ஊர்கள்ல எடுத்தது. நம்ம சமவெளியில டிசம்பர் ராத்திரியே பெரும்பாலும் 20 டிகிரிக்குப் பக்கத்துலதான் நிக்கும். அதுல ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள படுத்தா வேர்த்துக் கொட்டும். தூக்கத்தைக் கெடுக்கிறது கொசுவும் புழுக்கமும்தான். ஒரு கொசுவலை, போர்த்திக்க ஒரு நாலு முழ வேட்டி. வேட்டி கால் கிலோ அளவுதான் வரும், துவைச்சா சீக்கிரம் காயும், வீட்லயே இருக்கு. செலவு பூஜ்யம்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் டிசம்பர், ஜனவரின்னா கதை வேற. ஊட்டியில உறைபனி விழும். அங்க ஸ்லீப்பிங் பேக் வேணும். வாங்கும்போது அட்டையில பெருசா போட்டிருக்கிற டிகிரியை நம்பாதீங்க. ஐஎஸ்ஓ 23537 தரப்படி சோதிச்ச பேக்குல "கம்ஃபர்ட்", "லிமிட்"னு ரெண்டு அளவு இருக்கும். லிமிட்ங்கிறது சுருண்டு படுத்து எப்படியோ ராத்திரியை ஓட்டுற அளவு. நிம்மதியாத் தூங்கணும்னா கம்ஃபர்ட் அளவைப் பார்த்து வாங்குங்க.

இன்னொரு விஷயம், இதைப் பலபேர் தலைகீழாச் செய்யறாங்க. பேக்குக்கு 15,000 போட்டுட்டு, கீழ விரிக்கிற மேட்டை மறந்துடறாங்க. நம்ம உடம்பு எடையில பேக்கோட அடிப்பக்கம் நசுங்கிடும், நசுங்குன பஞ்சு சூட்டைத் தாங்காது. தரையோட குளிர் நேரா முதுகுல ஏறும். அதைத் தடுக்கிறது மேட்தான். அதுக்கு ஆர்-வேல்யூன்னு ஒரு அளவு உண்டு. வெயில் ஊருக்கு 1 போதும், மலைக்கு 2-ல இருந்து 4. மடிக்கிற ஃபோம் மேட் 400 கிராம் அளவுல, 2 பக்கத்துல வரும். பஞ்சர் ஆகாது. ரெண்டு மேட்டை ஒண்ணு மேல ஒண்ணு போட்டா ஆர்-வேல்யூ கூடும். முதல் காசு மேட்டுக்குப் போகட்டும், மிச்சம்தான் பேக்குக்கு.

கேம்ப் போடுறதுக்கு இடமும் யோசிங்க. காட்டுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம தங்க முடியாது. 2018 குரங்கணி காட்டுத்தீயை யாரும் மறந்திருக்க மாட்டோம். சட்டப்படி டென்ட் போட இடம் கிடைக்கிற ராத்திரி வருஷத்துக்கு எத்தனைன்னு எண்ணிட்டு டென்ட் விலையைப் பாருங்க.

பவர்: மூணுல ஒண்ணுதான் வேணும்

பவர் பேங்க், டைனமோ ஹப், சோலார். மூணுமே வேணும்ங்கிற மாதிரி காட்டுவாங்க.

முதல்ல ஒரு நாள் தேவையைப் பாருங்க. 5,000 எம்ஏஎச் போன்ல இருக்கிறது ஏறக்குறைய 19 வாட்-ஹவர். மேப் ஓடிக்கிட்டே இருந்தா நாளைக்கு ஒரு முழு சார்ஜ். அதோட லைட்டும் சேர்த்து 25 வாட்-ஹவர்னு வைங்க. 10,000 எம்ஏஎச் பவர் பேங்க்ல 37 வாட்-ஹவர் இருக்கு, அதுல நம்ம கைக்கு வர்றது 30 அளவு. எடை 200 கிராம் பக்கம். ராத்திரி லாட்ஜ்ல தங்குறீங்கன்னா இது ஒண்ணே தாராளம். ரெண்டு ராத்திரி கரன்ட் கிடைக்காதுன்னா 20,000. விமானத்துல சைக்கிளோட போறவங்க கவனிங்க: 100 வாட்-ஹவர் வரைக்கும்தான் பொதுவா அனுமதி, அதுவும் கையில எடுத்துட்டுப் போற பையிலதான். 20,000-ங்கிறது 74 வாட்-ஹவர், பிரச்சினையில்ல. 30,000 வரம்பைத் தாண்டிடும்.

சோலார் பேனல்? சைக்கிள் பின்னாடி ஆடிக்கிட்டு, பாதி நேரம் நிழல்ல வர்ற பேனல், பெட்டியில போட்டிருக்கிற வாட்டை ஒருநாளும் தராது. ஒரே இடத்துல நாள் முழுக்க உட்கார்றவங்களுக்குத்தான் அது சரி. டைனமோ ஹப் நல்ல சாமான், மறுக்கல. ஆனா அது தர்றது 3 வாட், அதுவும் 15 கிலோமீட்டர் வேகம் இருந்தா. காட் ரோட்டுல 7 கிலோமீட்டர் வேகத்துல ஏறும்போது போன் சார்ஜ் ஏறாது. சாதா ஹப்பைவிட எடையும் கூட. ஹப், யுஎஸ்பி கன்வெர்ட்டர், புதுசா வீல் கட்டுற கூலி எல்லாம் சேர்த்தா இன்னொரு சைக்கிள் விலை வந்துடும்.

நம்ம நாட்டுல பத்துப் பதினைஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை இருக்கு. டிபன் சாப்பிடுற நேரத்துல "அண்ணே, கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கவா?"ன்னு கேட்டா பெரும்பாலும் யாரும் முடியாதுன்னு சொல்ல மாட்டாங்க. அதனால காசு போட வேண்டியது வேகமா ஏத்துற ரெண்டு போர்ட் சார்ஜருக்கு. பவர் பேங்க்கும் பிஐஎஸ் பதிவு எண் இருக்கிறதா பார்த்து வாங்குங்க. தலைமாட்டுல வச்சுத் தூங்கப்போற லித்தியம் பேட்டரி அது. அங்க 300 ரூபாய் மிச்சம் பிடிக்காதீங்க.

யாருக்கு விலை உயர்ந்தது சரி?

எதிர்த்தரப்பும் நியாயமானதுதான். டவுன் பேக்கோட பெரிய லாபம் எடை இல்ல, இடம். சின்னப் பையில அடங்கும். ஆனா பின்னாடி ஒரு கேரியர் மாட்டினா நமக்கு இடம் சில நூறு ரூபாயில, மிஞ்சினா ஒண்ணு ரெண்டாயிரத்துல கிடைச்சிடும். கேரியர் மாட்ட முடியாத சைக்கிள், கரடுமுரடான பாதைன்னா அப்போ டவுனுக்கு அர்த்தம் இருக்கு.

ராத்திரி முழுக்க மிதிக்கிற பிரெவே ஓட்டுறவங்க, 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துல முடிக்கணும்னு போறவங்க, 2027-ல வரப்போற பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் 1,200 கிலோமீட்டரைக் குறி வச்சிருக்கிறவங்க: உங்களுக்கு டைனமோ ஹப் செலவு இல்ல, கருவி. தாராளமா வாங்குங்க.

மணாலி-லே கனவு இருக்கா? சர்ச்சு மாதிரி 4,200 மீட்டருக்கு மேல இருக்கிற இடங்கள்ல கோடைக்காலத்துலயே ராத்திரி கடும் குளிர். ஆனா அதே இடங்கள்ல சீசன்ல ரஜாயோட கூடாரங்கள் வாடகைக்குக் கிடைக்கும். மணாலியிலயே ஸ்லீப்பிங் பேக் வாடகைக்கு எடுக்கலாம். வாழ்க்கையில ஒரு தடவை போற பத்து நாளைக்குச் சொந்தமா வாங்க அவசியமில்ல.

அப்போ என்ன பண்ணலாம்?

1. முதல் ரெண்டு ட்ரிப் லாட்ஜ்ல தங்குங்க. செலவு: பவர் பேங்க், சார்ஜர், நல்ல லைட்.
2. வெளியில படுக்கப் பிடிச்சிருந்தா மேட், கொசுவலை வாங்குங்க. ஸ்லீப்பிங் பேக் வாடகைக்கு எடுங்க, இல்ல நண்பர்கிட்ட கேளுங்க.
3. ஒரே வருஷத்துல பத்து ராத்திரி வெளியில படுத்துட்டீங்களா? இப்போ எடை குறைவானதை வாங்குங்க. எது வேணும்னு உங்களுக்கே தெரியும்.
4. எதை வாங்கினாலும் கையில இருக்கிற காசுல. "நோ காஸ்ட்"னு எதுவும் கிடையாது. பூஜ்ய சதவீத வட்டின்னு ஒண்ணு இல்லவே இல்லைன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே சொல்லியாச்சு. பிராசஸிங் கட்டணமும், வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டியும் பில்லுல வந்து நிக்கும். தவணை தவறினா கிரெடிட் கார்டு வட்டி மாசம் 3 சதவீதத்துக்கு மேல.

இந்த 15,000-ஐ எஸ்ஐபி-ல போட்டா 30 வருஷத்துல எவ்வளவு ஆகும்னு நான் சொல்லப்போறதில்ல. அதை ஊர் சுத்தத்தான் செலவழிக்கணும்னு நானும் நினைக்கிறேன். ஆனா அந்தக் காசு அட்டைப்பெட்டியில தூங்கக்கூடாது, ரோட்டுல ஓடணும். 15,000 ரூபாய்ங்கிறது கியரா வாங்கினா 700 கிராம். ட்ரிப்பா மாத்தினா ரூம், சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து ரெண்டு மூணு வீக்எண்ட்.

நம்மள்ல பெரும்பாலானவங்களுக்குப் பற்றாக்குறை கியர்ல இல்ல, லீவுல. அதனால கார்ட்டை மூடிட்டு ஹெச்ஆர் போர்ட்டலைத் திறங்க. ஒரு வெள்ளிக்கிழமைக்கு லீவு அப்ளை பண்ணுங்க. வேட்டியை மடிச்சுப் பையில வைங்க. மிச்சத்தை ரோடு சொல்லிக் குடுக்கும்.