முள்ளை முள்ளால் எடுப்போம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

பூச்சி என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது மருந்துத் தெளிப்பான்தான். பூச்சிகளிலும் பகைவர் உண்டு, நண்பர் உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. முள்ளை முள்ளால் எடு என்றனர் முன்னோர். பூச்சியைப் பூச்சியால் அடக்கலாம் என்பதற்குத் தமிழ்நாடே சான்று.

2008-ஆம் ஆண்டு கோவையில் ஒரு புதிய மாவுப்பூச்சி காணப்பட்டது. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட அது பப்பாளியைப் பாழாக்கி, மரவள்ளி, பருத்தி, மல்பெரி என்று பரவியது. உடலை மெழுகுப் பூச்சு மூடியிருப்பதால் மருந்து எளிதில் இறங்காது. மல்பெரித் தோட்டத்திலோ தொல்லை இருமடங்கு. தெளிக்காவிட்டால் இலை இல்லை. தெளித்து நஞ்சு தங்கினால் இலையைத் தின்னும் பட்டுப்புழு இல்லை!

இது நமக்கு அயலார் கதையன்று. நம் காஞ்சித் தறிகளுக்கு வரும் பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடகத்துடையது. எங்கிருந்து வந்தாலும் மல்பெரி இலையின்றி நூல் இல்லை. நூலின்றி எங்களைப் போன்ற நெசவாளர் வீடுகளில் கூலி இல்லை.

2010-இல் பெங்களூரிலுள்ள வேளாண் பூச்சிகளுக்கான தேசிய ஆய்வு நிறுவனம் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூவகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தது. பிற உயிர்களுக்குத் தீங்கில்லை என்று சோதித்த பின்னரே அவை வெளியில் விடப்பட்டன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி உழவர்களுக்கு வழங்கியது. அவற்றுள் அசிரோபேகஸ் பப்பாயே என்னும் இனம் நன்கு நிலைபெற்றது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத இக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். பிறக்கும் புழு உள்ளிருந்தே அதைத் தின்று, குளவியாகித் துளையிட்டு வெளிவரும். ஓரிரு ஆண்டுகளில் மாவுப்பூச்சியின் கொட்டம் அடங்கியது. பட்டுப்புழுவுக்கு எவ்விதத் தீங்கும் இல்லை.

மரவள்ளியைத் தாக்கிய வேறொரு மாவுப்பூச்சிக்கு எதிராக, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வந்த குளவி 2022-இல் சேலத்தில் விடப்பட்டது. இங்கிலாந்தின் பசுமைக்குடில்களில் தக்காளியைக் கெடுத்த வெள்ளை ஈயை 1920-களிலேயே குளவி கொண்டு அடக்கினர். டி.டி.டி. போன்ற மருந்துகள் வந்ததும் அதை மறந்தனர். பூச்சிகள் மருந்துக்குப் பழகிவிட்ட பிறகு மீண்டும் குளவியையே தேடினர். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில்களில் குடைமிளகாயும் ரோஜாவும் வளர்ப்போர்க்கு இது நல்ல பாடம்.

"குளவி வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகுமே, கடன் வாங்கிப் பயிரிட்டவன் காத்திருப்பானா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் இச்சுமையை உழவன் ஒருவன் தலையில் ஏற்றக்கூடாது என்கிறேன். ஒன்றியந்தோறும் நன்மை செய்யும் பூச்சிகளை வளர்க்கும் கூடம் வேண்டும். குளவியை விட்ட வயலில் மறுநாளே மருந்தடித்து அதையும் கொல்லும் அறியாமை நீங்க வேண்டும்.

"பூச்சியைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று என் வீட்டில் கேட்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான், கேட்பது இயல்பே. அதற்கு விடை சொல்ல நம் விலங்கியல் துறையால் முடியும். ஆய்வுக்கூடத்தின் ஒரு மூலையில் நாமே இப்பூச்சிகளை வளர்த்து, அருகிலுள்ள சிற்றூர்களுக்குக் கொண்டு சென்று காட்டலாம். பேராசிரியர்கள் வழிகாட்டினால் உழைக்க மாணவர்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

ஜடாயு என்னும் புள்ளுக்கு இராமபிரான் ஈமக்கடன் ஆற்றிய இடமென்று போற்றப்படுவது எங்கள் திருப்புட்குழி. உதவிய பறவையைப் போற்றத் தெரிந்த மண், உதவும் குளவியையும் போற்றக் கற்கட்டும்!