சீர்மிகு நகரம்: சீர் எவருக்கு?

ஒன்றிய அரசு 2015 சூன் 25 அன்று தொடங்கிய ‘ஸ்மார்ட் சிட்டி’ திட்டம் தமிழில் ‘சீர்மிகு நகரம்’ எனப் பெயர் பெற்றது. தொழில்நுட்பத் திறனைச் சுட்டும் சொல்லுக்கு ஈடாக ஒழுங்கு, அழகு, சிறப்பு எனப் பல பொருள் தரும் ‘சீர்’ ஆளப்பட்டுள்ளது. அச்சீர் எவருக்குரியது எனக் கேட்பது தமிழாய்வுக்குப் புறம்பானதன்று.

விடுதலை பெற்ற நாடுகள் புதுநகரங்களில் தம் எதிர்காலத்தைக் காண விழைந்தன. 1947 பிரிவினையில் லாகூரை இழந்த இந்தியப் பஞ்சாபுக்கெனச் சண்டிகர் எழுந்தது. பழமையின் தளையற்ற நகரம் என நேரு அதனைப் போற்றினார். 1951இல் வடிவமைப்புப் பொறுப்பேற்ற லெ கொர்பூசியே உறைவிடம், பணியிடம், வணிகம், பொழுதுபோக்கு ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம் வகுத்தார். அந்நகரைக் கட்டிய கூலித் தொழிலாளர் பலருக்கோ தற்காலிகக் குடியிருப்புகளே வாய்த்தன. பிரேசிலின் புதிய தலைநகரான பிரசிலியா 1960 ஏப்ரல் 21 அன்று திறக்கப்பட்டது. அதனைக் கட்டியோர் குடியேற, தகுவாட்டிங்கா என்னும் துணைநகர் 1958லேயே தோன்றிவிட்டது. கனவு நகரம் திறக்கப்படுமுன்பே அதன் விளிம்பு உருவாகிவிட்டது எனலாம்.

சீர்மிகு நகரத் திட்டம் பெரும்பாலும் இருக்கும் நகரின் ஒரு பகுதியைத் தேர்ந்து திருத்தியது. 100 நகரங்களில் அதனைச் செயற்படுத்தும் பொறுப்பு, நிறுமச் சட்டத்தின்கீழ்ப் பதிவான தனி நிறுவனங்களுக்கு அளிக்கப்பட்டது. தமிழகத்தின் 11 நகரங்கள் அவற்றுள் அடங்கும். 2016 முதல் 2022 தொடக்கம் வரை தமிழக மாநகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் இல்லை என்பதையும் இங்கு இணைத்து நோக்க வேண்டும். திட்டத்தின் முதன்மையான ஆண்டுகளில், தெருவோர வணிகர் முறையிடத் தம் வட்டத்துக்கு ஓர் உறுப்பினரும் இலர்.

சங்க கால நகரங்களே சீர்மிகு நகரங்கள் எனப் பெருமிதம் கொள்வது எளிது. ஆயினும் அது ஆய்வாகாது. மதுரைக்காஞ்சியும் மன்னனை முன்னிறுத்திய பாட்டே; அதன் நகரமும் புனைவு கலந்ததே. எனினும் நாளங்காடியையும் அல்லங்காடியையும் பாடும் மாங்குடி மருதனார், பூவும் வெற்றிலையும் விற்போரை நகரின் வளமாகவே காண்கிறார். அகற்றத்தக்க இடையூறாகக் காணவில்லை. இன்றைய திட்ட வரைவுகள் இழந்திருப்பது இப்பார்வையையே.

2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டம், நகர விற்பனைக் குழுவின் உறுப்பினருள் 40 விழுக்காட்டுக்குக் குறையாதோர் அவ்வணிகராக இருத்தல் வேண்டும் என்கிறது. ஒரு நகரின் சீரை அளக்க, கண்காணிப்புக் கருவிகளின் எண்ணிக்கையை விட இக்குழு உண்மையாக இயங்குகிறதா என்பதே தக்க அளவுகோல். திட்ட ஆவணங்களின் மொழியையும், அவற்றால் இடம்பெயர்ந்தோரின் வாய்மொழியையும் ஒருங்கே வைத்து ஆராயத் தமிழ்த்துறைகள் முன்வர வேண்டும்.