ஐ-லீக் கோப்பை ஜெயித்த தமிழ்நாட்டு அணி எங்கே போச்சு?

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் சேலம். அங்கிருந்து ரயிலோ பஸ்ஸோ பிடித்தால் சுமார் 160 கி.மீ. தூரத்தில் கோவை. 2019-ல் சேர்வராயன் மலையில் இருந்த ஒரு ஃபுட்பால் ரசிகர் காலையில் கிளம்பி, சாயங்காலம் கோவை நேரு ஸ்டேடியத்தில் தேசிய லீக் மேட்ச் பார்த்துவிட்டு, ராத்திரியே சேலம் திரும்பியிருக்கலாம். அவர் பார்த்த அணி அந்த சீசனின் ஐ-லீக் சாம்பியனாகவும் ஆனது.

இப்போது அதே ரசிகர் எங்கே போவார்? 2024-25 ஐ-லீக் சீசனில் 12 அணிகள் ஆடின. கோழிக்கோடு, பெங்களூரு, ஹைதராபாத், கோவா, ஐஸ்வால், ஷில்லாங், ஸ்ரீநகர் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. தமிழ்நாடு மட்டும் இல்லை. கோப்பை ஜெயித்த சென்னை சிட்டி எஃப்.சி, ஜெயித்து மூன்று வருடம் முடிவதற்குள் லீக்கை விட்டே போய்விட்டது.

ஒரு அணி தோற்றுத் தோற்றுக் காணாமல் போனால் புரியும். ஜெயித்த அணி எப்படிக் காணாமல் போகும்?

முதல்ல, அந்த சீசன்

2018-19 ஐ-லீக்கில் 11 அணிகள், ஆளுக்கு 20 ஆட்டங்கள். முந்தைய இரண்டு சீசன்களிலும் சென்னை சிட்டி பட்டியலின் கீழ்ப்பாதியில்தான் இருந்தது. பெயரில் சென்னை இருந்தாலும் ஹோம் கிரவுண்ட் கோவைதான். சென்னையில் ஏற்கெனவே சென்னையின் எஃப்.சி இருந்தது, அதற்கு ஐ.எஸ்.எல் வெளிச்சமும் இருந்தது. கோவைக்காரர்கள் 'சென்னை' என்று பெயர் வைத்த அணிக்குக் கத்தினார்கள் என்பதே இந்தக் கதையில் ஒரு தனி சுவாரசியம்.

சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ், பந்தைத் தரையிலேயே வைத்து ஆடும் அணியைக் கட்டினார். ஸ்பெயினிலிருந்து பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டியோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்டோ எஸ்லாவா என ஒரு கூட்டமே வந்தது. கூடவே எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், பிரவிட்டோ ராஜு போன்ற நம்ம ஊர்ப் பெயர்களும் இருந்தன. முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஏரோஸை 4-1 என அடித்தார்கள், மான்சி ஹாட்ரிக். சீசன் முடியும்போது அவர் கணக்கில் 21 கோல்கள். அதே எண்ணிக்கையோடு சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் இருந்தார்.

கடைசி நாள் 2019 மார்ச் 9, சனிக்கிழமை. சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்து, சென்னை சிட்டி டிரா செய்தால்கூட கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். கோவையில் எதிரணி அப்போதைய நடப்பு சாம்பியன் மினர்வா பஞ்சாப். ஆட்டம் தொடங்கிய மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை 0-1.

இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு ஸ்பெயின்காரர்கள் யாரும் இல்லை, கௌரவ் போரா என்ற டிஃபெண்டர் இரண்டு கோல் போட்டார். 3-1. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் 2-1 என ஜெயித்துவிட்டது. இறுதிக் கணக்கு 43-42. ஒரே ஒரு புள்ளி.

அடுத்த மாதம் புவனேஸ்வரில் நடந்த சூப்பர் கோப்பையில் இதே அணி, அந்த வருட ஐ.எஸ்.எல் சாம்பியன் பெங்களூரு எஃப்.சி-யை 2-1 என வீழ்த்தியது. 'இவங்க ரெண்டாம் தர லீக் ஆட்கள்' என்று சொன்னவர்களுக்கு அந்த ஸ்கோரே பதில். மே மாதத்தில் மதுரையின் சேது எஃப்.சி தேசிய மகளிர் லீக்கையும் ஜெயிக்க, ஒரே வருடத்தில் ஆண், பெண் இரண்டு தேசிய லீக் கோப்பைகள் தமிழ்நாட்டில் இருந்தன. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது வேறு கேள்வி.

அப்போ பிரச்னை எங்கே ஆரம்பிச்சுது?

இதற்கு 2010-க்குப் போக வேண்டும். அந்த வருட டிசம்பரில் அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பு, இந்தியக் கால்பந்தின் வணிக உரிமைகளை ஐ.எம்.ஜி-ரிலையன்ஸுக்கு 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்குக் கொடுத்தது. அதிலிருந்து 2014-ல் பிறந்ததுதான் ஐ.எஸ்.எல். முதலில் இரண்டு மாத நட்சத்திரத் திருவிழா மாதிரி நடந்தது. 2017-18 முதல் ஐ-லீக்கும் ஐ.எஸ்.எல்லும் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தன.

ஒரே நாட்டில் இரண்டு முதல்தர லீக்குகள். ஒன்றில் பணம் கட்டி உள்ளே வந்த அணிகள், தோற்றாலும் கீழே இறங்காது. இன்னொன்றில் ஆடி ஜெயிக்கலாம், ஆனால் ஜெயித்தாலும் மேலே போக வழி கிடையாது. 2018-19 சீசனின் பாதியிலேயே ஐ-லீக்கின் சில ஆட்டங்கள் டி.வி ஒளிபரப்பிலிருந்து கழற்றிவிடப்பட்டன. கிளப்புகள் கொதித்தன. சூப்பர் கோப்பையைப் பல ஐ-லீக் அணிகள் புறக்கணித்ததற்கும் இந்தக் கோபமே காரணம். சென்னை சிட்டி அந்தப் புறக்கணிப்பில் சேராமல் போய் ஆடியது.

2019 அக்டோபரில் கோலாலம்பூரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு முன்னிலையில் ஒரு திட்டம் போட்டார்கள். அதன்படி ஐ.எஸ்.எல்-தான் நாட்டின் முதன்மை லீக். ஐ-லீக் சாம்பியனுக்கு, கட்டணம் இல்லாமல் ஐ.எஸ்.எல்லுக்கு ஏறும் உரிமை 2022-23 சீசனிலிருந்து. இறங்குவதும் சேர்ந்த முழு ஏற்ற-இறக்கம் 2024-25-ல்.

தேதிகளைக் கவனியுங்கள். கோவை ஜெயித்தது 2019 மார்ச்சில். கதவு திறப்பது நான்கு வருடம் கழித்து.

நாலு வருஷம் காத்திருக்க முடியாதா?

முடியும், பணம் இருந்தால். இந்தியாவில் ஒரு கால்பந்து கிளப்புக்கு வருமானம் எங்கிருந்து வரும்? டிக்கெட் விற்று ஸ்பெயின் வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. டி.வி உரிமைப் பணம் ஐ-லீக் அணிகளுக்கு நம்பும்படி கிடையாது. ஸ்பான்சர் கேட்டுப் போனால் முதல் கேள்வியே 'எந்த சேனல்ல வருது?' என்பதுதான். ஆக, மிச்சம் இருப்பது முதலாளியின் பாக்கெட். அடுத்த சீசனில் மேலே போகலாம் என்ற வாய்ப்பு இருந்தால் முதலாளி நஷ்டத்தை முதலீடாகப் பார்ப்பார். அந்த வாய்ப்பே இல்லாவிட்டால் நஷ்டம் வெறும் நஷ்டம்.

சென்னை சிட்டிக்கு ஒரு நம்பிக்கை வந்தது. 2019-ல் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி பாசல் கிளப் 26 சதவீதப் பங்கை வாங்கியது. ஐரோப்பாவின் பெரிய மேடைகளில் ஆடிய கிளப், கோவையை ஹோம் கிரவுண்டாக வைத்திருக்கும் அணியில் பணம் போட்டது! அப்போது படித்தபோது நம்பவே முடியவில்லை.

ஆனால் கரைதல் அதே வேகத்தில் தொடங்கியது. ஜெயித்த அணியின் வீரர்களை ஐ.எஸ்.எல் கிளப்புகள் ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டன. வீரர்களைக் குறை சொல்ல முடியாது. அதே ஆட்டத்துக்குப் பக்கத்து லீக்கில் கூடுதல் சம்பளமும், டி.வி-யில் முகமும் கிடைக்கும்போது யார்தான் போக மாட்டார்கள்? 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபாவிடம் 0-1 என மயிரிழையில் தோற்றார்கள். அதே நேரத்தில் மான்சி ஜப்பானுக்குக் கிளம்பினார். மார்ச்சில் ஏ.எஃப்.சி கோப்பை ஆட்டம் ஒன்று, மாலத்தீவின் மாஸியாவுடன் 2-2. ஹோம் மேட்ச்தான், ஆனால் நடந்தது அகமதாபாத்தில். பிறகு கொரோனா. அந்தத் தொடரே ரத்து.

2020-21 ஐ-லீக் முழுக்க கொல்கத்தாவிலும் அதன் சுற்றுப்புறத்திலும், பார்வையாளர் இல்லாத மைதானங்களில் நடந்தது. சென்னை சிட்டி கீழ்ப்பாதியில் முடித்தது. அடுத்த சீசனுக்குக் கிளப் உரிமம் கிடைக்கவில்லை. உரிமம் என்றால் இளையோர் அணிகள், மைதானம், கணக்கு வழக்கு என்று ஒவ்வொரு கிளப்பும் காட்ட வேண்டிய தகுதிகள். அதோடு கதை முடிந்தது.

இதில் கிளப் நிர்வாகத்தின் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். அதே கஷ்டத்தில் ஐஸ்வால், கோகுலம் போன்ற கிளப்புகள் தாக்குப்பிடித்தன. குறிப்பாக ஐஸ்வால். 2017-ல் மோகன் பகானை ஒரு புள்ளியில் முந்தி ஐ-லீக் ஜெயித்த மலையூர் அணி அது. அவர்களுக்கும் மேலே கதவு திறக்கவில்லை. ஆனால் மிசோரமில் கால்பந்து தெருவிலேயே இருக்கிறது. உள்ளூர் வீரர்களை வைத்தே அணியை ஓட்டலாம், செலவும் தாங்கும். ஸ்பெயினிலிருந்து முதுகெலும்பை இறக்குமதி செய்த சென்னை சிட்டிக்கு அந்த வசதி கிடையாது.

சரி, மத்தவங்க என்ன ஆனாங்க?

என்னைக் கேட்டால் இந்தக் கதையின் கசப்பான பகுதி இதுதான். 2019 மார்ச் 9 அன்று ஒரு புள்ளியில் தோற்ற ஈஸ்ட் பெங்கால், 2020-ல் ஐ.எஸ்.எல்லுக்குள் போனது. அன்று கோவையில் 3-1 என வீழ்ந்த மினர்வா பஞ்சாப், கை மாறி, பெயர் மாறி, 2022-23-ல் ஐ-லீக் ஜெயித்து, ஆடி ஜெயித்து ஐ.எஸ்.எல் ஏறிய முதல் கிளப் ஆனது. அடுத்த வருடம் அதே வழியில் முகமதன் ஏறியது.

மேலே ஏறும் வழி திறந்த பிறகாவது எல்லாம் சீராகிவிட்டதா? 2024-25 சீசனைப் பாருங்கள். கடைசி ஆட்டம் முடிந்தபோது சர்ச்சில் பிரதர்ஸ் 40, இன்டர் காசி 39. மறுபடியும் ஒரு புள்ளி. ஆனால் ஜனவரியில் இன்டர் காசிக்கு எதிராக நம்தாரி அணி தகுதியில்லாத வீரரை இறக்கியதாக ஒரு வழக்கு நிலுவையில் இருந்தது. கூட்டமைப்பு சர்ச்சிலை சாம்பியன் என்று அறிவித்து, கோப்பையையும் கொடுத்துவிட்டது. விவகாரம் சுவிட்சர்லாந்தின் லோசானில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. 2025 ஜூலை 18 அன்று வந்த தீர்ப்பில் இன்டர் காசிக்கு 42 புள்ளி, அவர்களே சாம்பியன். மைதானத்தில் ஏப்ரலில் முடிந்த சீசன், கோர்ட்டில் ஜூலையில்தான் முடிந்தது.

ஜெயித்தவர்களுக்குப் பரிசு ஐ.எஸ்.எல் இடம். அந்த ஐ.எஸ்.எல்லோ, தீர்ப்புக்கு ஒரு வாரம் முன்புதான் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. 2010-ல் போட்ட அந்த 15 வருட ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியவிருந்தது, அதன் பிறகு யார் நடத்துவது என்று அப்போது முடிவாகவில்லை என்பதே காரணம். சீசன் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. இப்படி ஒரு டைமிங் ஐ-லீக் சாம்பியன்களுக்கு மட்டும்தான் வாய்க்கும்.

இதனால சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் என்ன?

நிறைய. கிரிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து டி.நடராஜன் எப்படி ஆஸ்திரேலியா போனார்? டென்னிஸ் பால் கிரிக்கெட், சென்னை கிளப் கிரிக்கெட், டி.என்.பி.எல், ஐ.பி.எல், இந்திய அணி. ஒவ்வொன்றும் ஒரு படி. நடுவில் டி.என்.பி.எல் என்ற படி இல்லையென்றால் அவரை எந்த ஐ.பி.எல் அணியும் கவனித்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

கால்பந்தில் அந்த நடுப்படி சென்னை சிட்டி. கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைக் கிராமத்திலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் அங்கே ஆடித்தான் ஜாம்ஷெட்பூருக்கும், பிறகு ஏ.டி.கே-வுக்கும் போனார், இந்திய ஜெர்ஸியும் போட்டார். எட்வின் சென்னையினுக்கும், ரொமாரியோ எஃப்.சி கோவாவுக்கும் போனதும் அந்தப் படியில் ஏறித்தான்.

இன்று ஏற்காட்டுப் பள்ளி மைதானத்தில் ஆடும் 17 வயதுப் பையனுக்கு என்ன வழி இருக்கிறது? நேராக ஒரு ஐ.எஸ்.எல் கிளப்பின் அகாடமியில் இடம் பிடிக்க வேண்டும், அதற்குச் சென்னையோ பெங்களூருவோ போயாக வேண்டும். இல்லையென்றால் வேறு மாநிலத்து கிளப்பின் டிரயலுக்கு அலைய வேண்டும். விடுதிச் செலவு, ரயில் செலவு, படிப்பு எல்லாம் அவன் வீட்டுக் கணக்கில்.

புதிதாக ஒரு தமிழ்நாட்டு கிளப் கீழிருந்து வர நினைத்தால், கீழ்நிலை லீக்குகளிலிருந்து ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ஒரு சீசன்கூட தடுக்கி விழாமல் ஏறினாலும், கோவை ஒரு காலத்தில் நின்ற இடத்துக்குத் திரும்பி வரவே சில வருடங்கள் ஆகும். அத்தனை வருடமும் யார் சம்பளம் கொடுப்பார் என்ற கேள்விக்கு 2019-ல் இருந்த அதே பதில்தான் இன்றும்: முதலாளியின் பாக்கெட்.