ஆற்றுவாழையும் அரைநாள் சிரமதானமும்

கலேவெலப் பக்கத்துச் சிறு குளமொன்றில் சென்ற ஆண்டு சிரமதானம் நடைபெற்றது. என் மாணவர் முப்பது பேர் இடுப்பளவு நீரில் இறங்கி ஆற்றுவாழையை அள்ளிக் கரையிலே குவித்தனர். படம் எடுத்தார்கள், பேசினார்கள், பணிஸ் கொடுத்தார்கள். குவியலை அகற்ற எவரும் வரவில்லை. மார்கழி மழையில் அது குளத்துக்கே திரும்பிற்று. தை பிறந்தபோது நீர் கண்ணுக்குத் தெரியவில்லை.

அன்று மேடையேறிய பெரியவர் ஒருவர், கிராமத்தாரின் அசட்டையே இதற்கெல்லாம் காரணமென்றார். யாருடைய அசட்டை? தென்னமெரிக்காவில் பிறந்த இச்செடி, கவர்னர் பிளேக்கின் ஆட்சிக் காலத்தில், 1904இல், பூவின் அழகுக்காக இலங்கைக்குக் கொணரப்பட்டது. ஐந்தே ஆண்டில், 1909இல், அதைத் தடுக்கத் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. அழகை இரசித்தவர் கப்பலேறிவிட்டார். அள்ளும் வேலை உழவனுக்கு வந்தது. (சிங்களத்தில் இதன் பெயர் 'ஜப்பன் ஜபர'. ஜப்பான் இதன் தாயகமன்று, பழிமட்டும் அதற்கு!) சல்வீனியாவின் வரலாறோ நமக்கு இன்னும் நாணந் தருவது. 1939இல் அதனைக் கொணர்ந்தது கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியற் பகுதி. ஆசிரிய நண்பர்களே, அது படித்தவர் கைப்பிழை, நம் கைப்பிழை.

மேலும், இச்செடி எதை உண்டு கொழுக்கிறது? சந்தைக்கென விளையும் மரக்கறித் தோட்டங்களில் மிகையாகக் கொட்டப்படும் உரம் மழையிற் கரைந்து குளத்தைச் சேர்கிறது, கழிவுநீரும் சேர்கிறது. உரம் விற்று இலாபம் கண்டவனிடமோ, கழிவை விட்டவனிடமோ எவரும் கணக்குக் கேட்பதில்லை. ஏற்ற நீரில் ஆற்றுவாழை இரண்டு வாரத்தில் இருமடங்காகும். அதன் விதை சேற்றிலே இருபது ஆண்டுவரைகூட உயிரோடிருக்கும். மேலே பச்சைப் போர்வை விரிந்தால் ஒளி புகாது, உயிர்வளி குன்றும், மீன் மாளும், நுளம்பு பெருகும். இத்தகைய பகையை அரைநாளில் வெல்லப் புறப்பட்டோமே!

வழி இல்லாமலில்லை. சல்வீனியாவைத் தின்னும் பிரேசில் நாட்டுச் சிறு கூன்வண்டு 1986இல் ஆஸ்திரேலியா வழியாக இங்கே வந்தது. சில ஆண்டுகளில் பல நீர்நிலைகளில் அக்களை அடங்கிற்று. ஆற்றுவாழைக்கென 1988இல் விட்ட வண்டுக்கு அவ்வளவு வெற்றி வாய்க்கவில்லை. ஆகவே வண்டோடு, ஆண்டு முழுதும் கூலி பெற்று அள்ளும் ஆட்களும், அள்ளியதைக் கரைக்கு அப்பால் மக்கவைக்கும் குழியும், நீரிற் சேரும் உரத்துக்கும் கழிவுக்கும் தடையும் வேண்டும். காசில்லை என்பார்கள். பந்தலுக்கும் பதாகைக்கும் எங்கிருந்து வந்தது?

இவ்வாண்டுச் சிரமதானத்துக்கும் அழைப்பு வந்திருக்கிறது. குழி எங்கே வெட்டப்படும் என்று கேட்டு எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.