பதவிக்கு வருபவருக்குச் சமயச் சான்றிதழ் வேண்டாம்

மத்திய சுற்றாடல் அதிகார சபைத் தலைமை நியமனம் குறித்த நிலைப்பாட்டு அறிக்கை
பிலிமத்தலாவை

உயர் பதவியொன்றுக்கு ஒருவரின் பெயர் அடிபடத் தொடங்கியதும் சமயத் தலைவர்களின் ஆதரவைத் தேடிப் போவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. பதவியேற்றவர்கள் தலதா மாளிகையை வழிபட்டு, மல்வத்தை, அஸ்கிரிய மகாநாயக்க தேரர்களைச் சந்தித்து ஆசி பெறுவது கண்டியைச் சூழ வாழும் எங்களுக்குப் பழகிய காட்சி. கோவிலில் அர்ச்சனை செய்வதும், தேவாலயத்தில் செபிப்பதும், பள்ளிவாசலில் துஆ கேட்பதும் அவரவர் விருப்பம். அதில் எங்களுக்கு எந்த ஆட்சேபனையும் இல்லை. ஆனால் “இவரையே நியமியுங்கள்” என்று கடிதத் தாளில் முத்திரை குத்திக் கொடுப்பது வேறு காரியம். அந்தக் காரியத்தைப் பற்றியே இந்த அறிக்கை.

பிலிமத்தலாவை, கடுகண்ணாவை, பேராதனைப் பகுதிகளைச் சேர்ந்த பௌத்த, இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவ சமயத்தவர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு இது. பல திருச்சபைகள் ஒன்றுசேர்ந்து 1963 இல் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரி இருக்கும் ஊர் எங்களுடையது. அக்கல்லூரியின் பெயராலோ எந்தத் திருச்சபை, பீடம், பரிபாலன சபையின் பெயராலோ நாங்கள் பேசவில்லை.

எங்கள் நிலைப்பாடு

ஒன்று: மத்திய சுற்றாடல் அதிகார சபையின் தலைவர் பதவிக்கோ உறுப்பினர் பதவிக்கோ முன்மொழியப்படும் எவருக்கும் சமய அமைப்பு என்ற வகையில் ஆதரவுக் கடிதம் கொடுக்க மாட்டோம். ஒருவரை அவருடைய சமயத்துக்காக எதிர்க்கவும் மாட்டோம்.

இரண்டு: அந்தப் பதவிக்குரிய அதிகாரமும் சுயாதீனமும் காக்கப்பட வேண்டும் என்பதற்காக வெளிப்படையாகக் குரல் கொடுப்போம்.

மூன்று: நியமனத்துக்கு முன்னும் பின்னும் கேள்வி கேட்பது எங்கள் கடமை. அந்தக் கடமையை ஒரு கையொப்பத்துக்கு ஈடாக விற்க மாட்டோம்.

நாங்களும் அந்தச் சபைக்குக் கட்டுப்பட்டவர்கள்

எங்கள் முதற்காரணம் மிகச் சாதாரணமானது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் உருவான இந்தச் சபை, தொழிற்சாலைகளையும் ஹோட்டல்களையும் மட்டும் கட்டுப்படுத்துவதில்லை, எங்களையும் கட்டுப்படுத்துகிறது.

மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017 ஏப்ரலில் சரிந்து 30 க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பின், அதே ஆண்டு செப்டெம்பரில் பொலித்தீன் தடை வந்தது. லன்ச் ஷீட்டும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் தடைசெய்யப்பட்டதை எல்லோரும் அறிவார்கள். சமய, கலாசார, அரசியல் நிகழ்வுகளில் பொலித்தீன் அலங்காரம் செய்யக் கூடாது என்பதும் அதே தடையில் உண்டு. அதை நினைவில் வைத்திருப்போர் குறைவு. வெசாக் காலத்தில் கொழும்பு–கண்டி வீதியோரம் நெடுகக் கட்டப்படும் கொடிகளைப் பாருங்கள். தேர்த்திருவிழாவுக்கும் ஆலயப் பெருவிழாவுக்கும் கட்டும் தோரணங்களைப் பாருங்கள். தன்சல் முடிந்த மறுநாள் காலையில் கான்களில் கிடக்கும் கோப்பைகளைப் பாருங்கள். மழை வந்தால் அவை எந்த ஓடையில் இறங்கும், எந்த வயலில் தங்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

ஒலிபெருக்கியும் அப்படியே. வெலிகமைப் பள்ளிவாசல் ஒன்று தொடர்பான வழக்கில் 2007 நவம்பரில் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிப் பாவனையை மட்டுப்படுத்தியது. பன்சலை, கோவில், தேவாலயம், பள்ளிவாசல் என்ற வேறுபாடு அக்கட்டுப்பாட்டுக்கு இல்லை.

இந்த நிலையில், நம்மைக் கண்காணிக்க வேண்டியவருக்கு நாமே பரிந்துரைக் கடிதம் கொடுத்தால் என்ன ஆகும்? நாளை எங்கள் மண்டபத்துக் கழிவுநீர் பற்றி முறைப்பாடு போனால், அந்த அதிகாரி எங்கள் வாசலுக்கு வரத் தயங்குவார். வந்தாலும் முறைப்பாடு செய்தவர் நம்ப மாட்டார். அரிசி ஆலைக்காரர் தனக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வழங்கும் அதிகாரியைத் தானே தெரிவுசெய்ய முடியாது என்றால், சமய நிலையத்துக்கு மட்டும் அந்தச் சலுகை எதற்கு?

ஒரே சமயத்தவர் என்பது தகுதி ஆகாது

அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனத்துக்கு ஸ்கொட் புரூயிட் முன்மொழியப்பட்டபோது நடந்ததை இங்கு நினைவூட்டுகிறோம். ஒக்லஹோமா மாநிலச் சட்டமா அதிபராக இருந்தபோது அதே நிறுவனத்துக்கு எதிராகப் பத்துக்கும் மேற்பட்ட வழக்குகளில் மாநிலத்தை ஈடுபடுத்தியவர் அவர். பப்திஸ்த சபையொன்றின் டீக்கனாகவும் இறையியல் கல்லூரியொன்றின் அறங்காவலராகவும் இருந்தவர். எவஞ்சலிக்கல் தலைவர்கள் பலர் அவருக்கு ஆதரவாகக் கூட்டாகக் கையொப்பமிட்டார்கள். அதே பைபிளைக் கையில் வைத்திருந்த வேறு கிறிஸ்தவ அமைப்புகள் அவரை எதிர்த்தன. 2017 பெப்ரவரியில் செனட் சபை 52 க்கு 46 என்ற வாக்குகளில் அவரை ஏற்றது. தன் அலுவலகத்தில் 43,000 டொலர் செலவில் ஒலிபுகாத் தொலைபேசி அறை அமைத்தது உட்படப் பல விசாரணைகள் சூழ்ந்த நிலையில் 2018 ஜூலையில் அவர் பதவி விலகினார்.

அவர் விலகியதோடு அவருடைய பிரச்சினை முடிந்தது. கையொப்பமிட்டவர்களின் பிரச்சினை அப்போதுதான் தொடங்கியது. ஒருவருடைய பக்தியை நாம் அறிந்திருக்கலாம். ஆற்றில் கலக்கும் கழிவைப் பற்றி அவர் என்ன முடிவெடுப்பார் என்பதற்கு அந்தப் பக்தி உத்தரவாதமல்ல. அவர் சறுக்கும்போது பிணை நின்ற சமயத்தின் பெயரும் சேர்ந்து சறுக்கும்.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. வில்பத்துவை அண்டிய காடழிப்புப் பற்றிய விவாதம் எப்படி மாறியது என்பதைக் கண்டோம். யார் அனுமதி கொடுத்தார், எந்தச் சட்டம் மீறப்பட்டது, இடம்பெயர்ந்து திரும்பியவர்களுக்கு வேறு காணி எங்கே என்ற கேள்விகள் பின்னால் தள்ளப்பட்டன. ஒரு முழுச் சமூகமே காட்டுக்கு எதிரி என்ற பேச்சு முன்னால் வந்தது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள்களுக்கென அமைக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியில் பிக்குகள் இடம்பெற்றார்கள்; தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிமோ ஒருவர்கூட இருக்கவில்லை. காணியும் காடும் சம்பந்தப்பட்ட பதவிக்கு ஒரு சமயத்தின் முத்திரை விழுந்தால், அந்தப் பதவியிலிருந்து வரும் நியாயமான உத்தரவைக்கூட மற்றச் சமூகங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கும். இந்தச் சந்தேகம் வீண் பயமென்று எங்களால் சொல்ல முடியாது.

சமயம் நிற்க வேண்டிய இடம்

சமயங்கள் சுற்றாடல் விடயத்தில் வாய்மூடி இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. வாய் திறந்ததால் நாடு பிழைத்த சந்தர்ப்பங்கள் உண்டு.

எப்பாவலைப் பொஸ்பேற் படிவை வெளிநாட்டுக் கம்பனியோடு சேர்ந்து விரைந்து தோண்டி எடுக்கும் திட்டத்தை எதிர்த்து எழுவர் உயர் நீதிமன்றம் சென்றார்கள். பெரும்பாலோர் அந்த மண்ணில் பயிர் செய்தவர்கள்; அவர்களோடு கல்கந்த புராண விகாரையின் விகாராதிபதியும் மனுதாரராக நின்றார். 2000 ஜூனில் வழங்கிய தீர்ப்பில் நீதியரசர் ஏ. ஆர். பி. அமரசிங்க, மன்னன் இந்த நிலத்தின் உரிமையாளன் அல்லன், காவலன் மட்டுமே என்று மகிந்த தேரர் தேவநம்பிய தீசனுக்குச் சொன்ன அறிவுரையை எடுத்துக்காட்டினார். உரிய ஆய்வும் சட்டப்படியான சுற்றாடல் அனுமதியும் இல்லாமல் திட்டம் முன்செல்ல முடியாது என்றது நீதிமன்றம்.

2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மேற்குக் கரையெங்கும் பிளாஸ்ரிக் மணிகள் ஒதுங்கியபோது, நீதிமன்றம் சென்றவர்களில் கொழும்புப் பேராயர் மல்கம் ரஞ்சித் கர்தினாலும் ஒருவர். 2025 ஜூலையில் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு வழங்கும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இரண்டு வழக்கிலும் சமயத் தலைவர் பாதிக்கப்பட்டவரின் பக்கத்தில் நின்றார். பதவியில் இருப்பவரின் பின்னால் நிற்கவில்லை. அதனாலேயே அவர் சொல்லுக்கு எடை இருந்தது.

சுற்றாடல் அதிகார சபை தன் கடமையைச் செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சுன்னாகம் சாட்சி. மின்நிலையத்திலிருந்து கசிந்த எண்ணெய் யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் கலந்தது. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. கிணறு கெட்டால் குடிநீருக்குத் திண்டாட்டம்தான். 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம் மின் கம்பனியை 2 கோடி ரூபா செலுத்தும்படி பணித்ததோடு, மத்திய சுற்றாடல் அதிகார சபை தன் பொறுப்பில் தவறியதையும் சுட்டிக்காட்டியது. அந்த வழக்கைத் தொடுத்தவர் ஒரு சிங்களவர் என்பதையும் இங்கு பதிவுசெய்கிறோம்.

நியமனம் தொடர்பான எங்கள் கோரிக்கைகள்

சபை, ஜனாதிபதி நியமிக்கும் மூன்று உறுப்பினர்களைக் கொண்டது; அவர்களில் ஒருவரே தலைவர். தேர்தல், பொலிஸ், மனித உரிமை ஆணைக்குழுக்களின் நியமனங்கள் அரசியலமைப்புப் பேரவை வழியாகச் செல்கின்றன. இந்த நியமனம் அப்படிச் செல்வதில்லை. அரசியலமைப்பின் 27(14) ஆம் உறுப்புரை சுற்றாடலைப் பாதுகாக்கும் பொறுப்பை அரசின் மீது சுமத்துகிறது. அந்தப் பொறுப்பைக் கையில் எடுப்பவரைப் பற்றி மக்கள் வர்த்தமானியில் மட்டும் அறிந்துகொள்வது போதாது. ஆகவே:

முன்மொழியப்படுபவரின் கல்வி, அனுபவம், முன்னர் ஆலோசகராகப் பணியாற்றிய கம்பனிகள், அவருக்கும் குடும்பத்தாருக்கும் உள்ள வியாபாரத் தொடர்புகள் ஆகியவை நியமனத்துக்கு முன் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும்.

பாராளுமன்றத்தின் உயர் பதவிகள் பற்றிய குழு அவரை மக்கள் பார்க்கும்படி விசாரிக்க வேண்டும்.

அரசாங்கம் மாறும்போது தலைவரும் மாறுவது என்ற வழக்கம் நின்று, நிலையான பதவிக்காலமும் காரணம் காட்டியே நீக்கும் முறையும் வர வேண்டும்.

வருபவரிடம் நாங்கள் கேட்கப்போவது

கொஹாகொடையில் கண்டி மாநகரின் குப்பை பல பத்தாண்டுகளாக மகாவலிக்கு அருகில் குவிகிறது. அதிலிருந்து வடியும் நீர் ஆற்றுக்குப் போகாமல் தடுக்க என்ன காலவரை வைத்திருக்கிறீர்கள்? நகரின் அழுக்கைச் சுமந்து கெட்டம்பையில் மகாவலியோடு சேரும் மெத எலவுக்கு என்ன செய்வீர்கள்?

ஹந்தானை 2010 இல் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அங்கு மலைச்சரிவைக் குடைந்து எழுந்த கட்டடங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது என்ற பட்டியலை வெளியிடுவீர்களா? 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடு முழுவதும் 600 க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டபோது கண்டி மாவட்டம் மிக மோசமாக அடிபட்டது. சரிவில் வெட்டிய ஒவ்வொரு பிடி மண்ணுக்கும் கணக்குக் கேட்பது இனி யாருக்கும் அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றாது.

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை குறித்துக் கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு 30 நாள் உண்டு. பத்திரிகை அறிவித்தல் மூன்று மொழிகளிலும் வரும். ஆனால் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட அறிக்கையைத் தோட்டத்து லயத்தில் இருப்பவர் எந்த மொழியில் படித்து எதிர்ப்பு எழுதுவார்? முழு அறிக்கையும் தமிழில், அந்தந்தப் பிரதேச செயலகத்தில், முதல் நாளிலிருந்தே கிடைக்கச் செய்வீர்களா?

இக்கேள்விகளுக்கு நல்ல பதில் தரும் தலைவருடைய ஒவ்வொரு நல்ல முடிவையும் பெயர் சொல்லிப் பகிரங்கமாக ஆதரிப்போம். அரசியல்வாதியோ செல்வந்தரோ, எங்கள் சமயத்துப் பெரியவரோ அவருக்கு நெருக்குதல் கொடுத்தால், அவர் பக்கம் நிற்போம்.

எங்கள் பக்கத்துக் கடமை

கேட்பதற்கு முன் செய்ய வேண்டியவையும் உண்டு. எங்கள் திருவிழா, பெரஹர, கந்தூரி, ஆலயப் பெருநாள் எதிலும் பொலித்தீன் கொடியோ லன்ச் ஷீட்டோ இருக்காது. துணியும் தென்னோலையும் வாழையிலையும் போதும். ஒலிபெருக்கி நேர விதிகளை, அயலவர் முறைப்பாடு செய்யும்வரை காத்திராமல் கடைப்பிடிப்போம். எங்கள் கட்டடங்களின் கழிவுநீர் எங்கே போகிறது என்பதைப் பிரதேச சபைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நாங்களே அழைத்துக் காட்டுவோம். அவர் சொல்லும் குறைகளை எங்கள் அறிவித்தற் பலகையில் ஒட்டுவோம்.

நாட்டின் ஏனைய சமய அமைப்புகளும் இந்த நிலைப்பாட்டை எடுக்கும்படி அழைக்கிறோம். நாளை முன்மொழியப்படுபவர் எங்களில் ஒருவராக, எங்கள் பன்சலையில் தம்மபாடசாலை படித்தவராக அல்லது எங்கள் சபையில் ஞானஸ்நானம் பெற்றவராக இருந்தாலும் எங்கள் முடிவு மாறாது. அவருக்காகப் பிரார்த்திப்போம். கடிதம் மட்டும் தர மாட்டோம்.